உப்புக்கு வெயில், பாத்திக்கு மழை

மரக்காணத்தில் ‘பாத்தி’ என்றால் இரண்டு. ஒன்று, உவர்நீரைத் தேக்கி வெயிலில் காயவைக்கும் உப்புப் பாத்தி. இன்னொன்று, வீட்டுக் கொல்லையில் கத்தரியும் கீரையும் நிற்கும் காய்கறிப் பாத்தி. பெயர் ஒன்றானாலும் ஒன்றுக்குப் பிடித்தது மற்றொன்றுக்கு ஆகாது. உப்புப் பாத்தியில் மழை விழுந்தால் விளைந்த உப்பு கரைந்துபோகும். காய்கறிப் பாத்தியில் மழை விழாவிட்டால் மண்ணில் இருக்கும் உப்பு மேலே வந்து செடி கருகிப்போகும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும் உப்பு மேடுகள்தான் நினைவுக்கு வரும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஆந்திராவிலிருந்து கடலை ஒட்டியே வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் இந்தப் பகுதியில்தான். உப்பு, மீன், சவுக்கு, பனை என்று இந்த ஊரின் அடையாளங்கள் பல. அந்தப் பட்டியலில் காய்கறியை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால், கடலோர மணல்மேட்டில் இரண்டு சென்ட், மூன்று சென்ட் கொல்லை வைத்திருக்கும் வீடுகளுக்கு அதன் அருமை ஐப்பசியில் தெரியும்.

ஒன்று மூடும்போது ஒன்று திறக்கும்

உப்பளத்தில் வேலை தை, மாசியில் சூடுபிடித்து புரட்டாசி வரை ஓடும். அளத்து வேலை வெயிலுக்கு முன்பே, விடியாத இருட்டில் தொடங்கிவிடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கும். அதன் பிறகு மழை முடிந்து, தண்ணீர் வடிந்து, பாத்தியை மிதித்துச் சமன் செய்து, மறுபடி உவர்நீர் கட்டும்வரை கூலி இல்லை. இந்த இடைவெளிக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குகிறது. ஏறக்குறைய மூன்று மாதத்தை அந்தத் தொகையோடு கடக்க வேண்டும்.

அதே மூன்று மாதத்தில்தான் சந்தையில் காய்கறி விலையும் ஏறும். மழையில் தோட்டங்கள் அழுகி, லாரிகள் தாமதமாகி, தக்காளியும் முருங்கையும் கைக்கு எட்டாத விலைக்குப் போவதை கார்த்திகை, மார்கழியில் எல்லா ஊரிலும் பார்க்கலாம். கையில் காசு குறையும் நேரமும் காய் விலை ஏறும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, ஒருவர் ஒரு நாளில் காய்கறியும் கீரையுமாக 400 கிராம் சாப்பிட வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.6 கிலோ. மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 140 கிலோவுக்கு மேல். இதில் பாதியைக் கொல்லை கொடுத்தாலும் பெரிய விஷயம். உப்பளத்தை மூடுகிற மழைதான் கொல்லையைத் திறந்துவிடுகிறது. இந்தக் கடற்கரையில் தோட்டம் பொழுதுபோக்கு இல்லை, மழைக்காலத்தைத் தாண்டும் பாலம்.

தொழிலாளர் வீட்டுக்குச் சிறு தோட்டம் என்ற யோசனை உலகம் முழுக்க உண்டு. இங்கிலாந்தில் உள்ளாட்சி அமைப்புகள் குறைந்த வாடகைக்குத் துண்டு நிலம் கொடுக்கின்றன. அதற்கு 1908-லேயே சட்டம் வந்தது. அங்கே வழக்கமான ஒரு துண்டின் அளவு சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட்டுக்குச் சற்று மேல். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு உணவு வராமல் போக, அந்தத் துண்டுகள்தான் பல வீடுகளின் அடுப்பைக் காப்பாற்றின. மரக்காணத்துக் கொல்லைக்கும் அதே வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே மண்ணுக்குக் கீழே கடல் காத்திருக்கிறது.

மணலுக்கு அடியில் மிதக்கும் நன்னீர்

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மணல்மேட்டில் பத்து, பன்னிரண்டு அடி தோண்டினால் குடிக்கும்படியான தண்ணீர் வருவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். காரணம் எளிது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் லேசானது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் பேடன் கைபனும், 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் படித்தால்தான் பயம் வரும். நன்னீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியில் இருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை ஏறிவரும்.

அதனால்தான் இந்தக் கடற்கரையில் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரில் ஒரே மூச்சாக இறைத்தால், இரண்டு மூன்று கோடையில் தண்ணீர் சப்பென்று மாறிவிடுகிறது. பழைய முறையில் ஆழமில்லாத கிணற்றில் வாளியால் சேந்தியவர்கள் மேலே மிதக்கும் தண்ணீரை மட்டும் எடுத்தார்கள். அடியில் இருப்பதைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு கொல்லைக்குத் தேவையான தண்ணீருக்கு அந்த முறையே போதும். மோட்டார் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைப்பது நல்லது. பக்கத்து வீட்டார் ஆழமாகப் போட்டு இறைத்தாலும் பாதிப்பு நம் கிணற்றுக்கும் வரும் என்பதால், இது தெருவே கூடிப் பேச வேண்டிய விஷயம்.

ஊருக்குத் தெற்கும் மேற்குமாகப் பரந்திருக்கும் கழுவெளியும் இதில் பங்காளி. மழைக்காலத்தில் ஏரிகளின் உபரி நீரெல்லாம் சேரும் நன்னீர்ப் பரப்பு அது. கோடையில் கடல்முகத்தை ஒட்டிய பகுதி உவராகும். 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகளுக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரநிலத்தில் நன்னீர் நின்றால்தான் சுற்றியுள்ள நிலத்தடியில் உப்பு பின்வாங்கும். கழுவெளி நிரம்புவது கொல்லைக் கிணற்றுக்கும் நல்லது.

ஆடி, ஆவணி: விதைக்கும் நேரம்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற சொல் இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆடியில் பகலெல்லாம் வெயில் காய்ந்து சாயங்காலம் இடியோடு ஒரு மழை பெய்வது வட கடலோரத்தின் வழக்கம். உப்பளத்துக்கு அது தொல்லை, விதைக்கு அது வரம். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விடவும், வெண்டை, அவரை, பரங்கி, புடலை, பீர்க்கன் ஊன்றவும் இதுவே சமயம். கார்த்திகைப் புயலுக்கு முன்பு செடி வேர்பிடித்துத் தண்டு தடித்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். புரட்டாசிக் கடைசியில் ஊன்றிய இளஞ்செடி முதல் அடைமழையிலேயே அழுகும்.

மணலில் தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. மக்கிய சாணி எரு, ஆட்டுப் புழுக்கை, காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு என்று கிடைப்பதையெல்லாம் ஆனியிலேயே பாத்தியில் சேர்த்துவிடுவது நல்லது. தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை நன்னீரில் அலச வேண்டும். அதிலேயே உப்பு இருக்கும். கொல்லை காலியாகக் கிடந்தால் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி மண்ணுக்குள் அமுக்கலாம். உவர் மண்ணைத் தாங்கி வளர்ந்து மண்ணையும் தேற்றும் பசுந்தாள் உரம் அது.

ஐப்பசி, கார்த்திகை: வடிகால்தான் முதல் வேலை

கடலோர மாவட்டங்களின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்தப் பருவத்தில் கொட்டிவிடும். 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்ததில் விழுப்புரம் மாவட்டமே தத்தளித்தது. அதனால், இந்த மாதங்களில் தோட்டத்தின் தலைவிதியை உரம் தீர்மானிப்பதில்லை, வாய்க்கால் தீர்மானிக்கிறது.

பாத்தியை ஒரு அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாக்கி, சுற்றிலும் வடிகால் வெட்டிவிட வேண்டும். கத்தரியும் மிளகாயும் வேரில் தண்ணீர் நின்றால் இரண்டு நாளில் வாடிவிடும். பந்தலை ஆள் உயரத்துக்குப் போடாமல் இடுப்பளவில் போட்டால் காற்றுக்குத் தப்பும். முருங்கை மெத்தென்ற மரம், முதலில் முறிவது அதுதான். மழைக்கு முன்பே மூன்று, நான்கு அடி உயரத்தில் கவாத்து செய்துவிட்டால் மரம் பிழைக்கும், தையில் புதுக்கிளை விட்டுக் காய்க்கும்.

கடல் பக்கத்தில் உயிர்வேலி அவசியம். புயல் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் இலையெல்லாம் தீய்ந்ததுபோல இருக்கும். அது கடல் திவலையில் வந்த உப்பு. சவுக்கு, பூவரசு, அகத்தி இவற்றில் ஏதாவது வரிசையாக நின்றால் பாதி உப்பை அதுவே வாங்கிக்கொள்ளும். அகத்தி என்றால் கீரையும் மிச்சம். காற்று நின்றதும் நல்ல தண்ணீரைப் பூவாளியில் எடுத்து இலைகளைக் கழுவிவிட்டால் பல செடிகள் தப்பிக்கும்.

இந்தப் பருவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேலே பூத்த உப்பைக் கீழே இறக்கும் வேலை. பயிர் இல்லாத பாத்திகளுக்கு வரப்புக் கட்டி மழையைத் தேக்கினால், நன்னீர் இறங்கும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். செடி உள்ள பாத்திக்கு வடிகால், செடி இல்லாத பாத்திக்கு வரப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மார்கழி, தை, மாசி: கொல்லையின் பொற்காலம்

பனி, இளவெயில், கிணறு நிறைய நல்ல தண்ணீர். ஆடியில் ஊன்றியது எல்லாம் இப்போது பலன் தரும். பொங்கலன்று கூட்டுக்கு வேண்டிய அவரை, பரங்கி, கத்தரி மூன்றும் கொல்லையிலிருந்தே வரும் வீடுகள் உண்டு. முள்ளங்கி, கொத்தமல்லி, தண்டுக்கீரை, அரைக்கீரை போட இதைவிட நல்ல காலம் இல்லை. உப்பைக் கொஞ்சமும் தாங்காத வெங்காயத்தையும் இந்த ஒரு பருவத்தில் முயன்று பார்க்கலாம்.

மரக்காணம், திண்டிவனம் பக்கத்து மணல் நிலங்களில் தர்பூசணி ஊன்றுவதும் மார்கழி, தையில்தான். மூன்று மாதத்துக்குள் காய் தயாராகி, கோடை தொடங்கும்போது சாலையோரக் கடைகளுக்கும் சென்னைக்கும் போகும். கொல்லையில் நான்கு குழி போட்டால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போதும். இதற்குள் உப்பளம் திறந்துவிடும். காலையில் அளம், மாலையில் பூவாளி என்று இரண்டு வேலையும் சேர்ந்து ஓடுவது இந்த மாதங்களில்தான்.

பங்குனி முதல் வைகாசி: உப்பு மேலே ஏறும் காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. குழம்புச் சட்டிக்கு மீன் குறையும் இந்த நேரத்தில் கொல்லையும் கைவிடப் பார்க்கும். வெயில் ஏற ஏற மண்ணின் ஈரம் மேலே வந்து ஆவியாகும். ஈரத்தோடு வந்த உப்பு மட்டும் மேலேயே தங்கிவிடும். உப்பளத்தில் நடப்பது எதுவோ அதுவே காய்கறிப் பாத்தியிலும் சிறிய அளவில் நடக்கிறது. பாத்தியில் வெண்மையாகப் பூத்திருந்தால் அதுதான் அடையாளம்.

இதற்குக் கைவசம் உள்ள வழிகள் சில:

• மண்ணை வெறுமனே விடக் கூடாது. வைக்கோல், காய்ந்த இலை, தென்னை மட்டை எதையாவது கொண்டு மூடாக்கு போட்டால் ஆவியாவது குறையும், உப்பு ஏறுவதும் குறையும்.

• கரையின் உச்சியில்தான் உப்பு சேரும். விதையையும் நாற்றையும் உச்சியில் ஊன்றாமல் சரிவின் பாதியில் ஊன்ற வேண்டும்.

• நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஊற்றினால் உப்பின் செறிவு கூடிச் செடி தவிக்கும். தினமும் மாலையில் வேரடியில் ஊற்ற வேண்டும். சப்புத் தண்ணீரை இலையில் தெளிக்கவே கூடாது.

• சுடாத வர்ணம் பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் கொடிகளை ஊன்றலாம் என்று சிலர் சொல்வதில் ஒரு திருத்தம்: பானை சுட்டதாகத்தான் இருக்க வேண்டும், வர்ணமோ பூச்சோ மட்டும் கூடாது. நீர் கசிந்து வேருக்கு மட்டும் போகும்.

• துணி துவைத்த சோப்புத் தண்ணீரையும், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரையும் பாத்தியில் விடக் கூடாது. இரண்டிலும் உப்பு அதிகம். அரிசி, காய் கழுவிய நீர் நல்லது.

எந்தக் காய் எவ்வளவு தாங்கும்?

மண்ணின் உப்பை டெசிசீமென்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். எந்த அளவைத் தாண்டினால் விளைச்சல் குறையும் என்று பயிருக்குப் பயிர் கணக்கு இருக்கிறது. பீன்ஸ், கேரட்டுக்கு 1. வெங்காயம், முள்ளங்கிக்கு 1.2. மிளகாய்க்கு 1.5. தக்காளி, வெள்ளரிக்கு 2.5. பீட்ரூட்டுக்கு 4. காராமணிக்கு 4.9. கொத்தவரைக்கு 8.8! விருந்தில் அதிகம் மதிக்கப்படாத கொத்தவரங்காய்தான் இந்தக் கடற்கரையின் வீரன். கோடையில் கொல்லை காலியாக இருக்க வேண்டாம் என்றால் கொத்தவரை, காராமணி, பருப்புக்கீரை, முருங்கை இந்த நான்கும் துணை.

உப்பங்கழியோரம் தானாக முளைக்கும் உமரிக்கீரையைக் கடலோர மக்கள் பறித்துச் சமைப்பதும் உண்டு. அதில் உப்பு போடாமலே கரிக்கும். வேதாரண்யத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட உவர்நிலத் தாவரங்களுக்கென்றே ஒரு தோட்டம் அமைத்திருக்கிறது.

தண்ணீரைச் சோதிக்க ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. குடிநீர் சோதிக்கும் சிறிய டிடிஎஸ் மீட்டர் போதும். எண் 450-க்குக் கீழே இருந்தால் எந்தக் காய்க்கும் ஊற்றலாம். 450 முதல் 2,000 வரை என்றால் காயைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்களுக்கு ஆகாது. மாதம் ஒருமுறை பார்த்துக் காலண்டரிலேயே குறித்து வைத்தால், கிணறு எந்தப் பக்கம் போகிறது என்று ஓராண்டில் தெரிந்துவிடும். மண் பரிசோதனைக்குத் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

சுனாமி சொல்லித்தந்தது

2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் ஏறிய நிலங்களைப் பார்த்து, இனி பல ஆண்டுகளுக்கு இங்கே எதுவும் முளைக்காது என்றுதான் பலர் நினைத்தார்கள். நாகப்பட்டினம் பகுதியில் சேற்றை வழித்தெடுத்து, வரப்பை உயர்த்தி, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மண்ணைத் தேற்றினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக 2005-ன் பெருமழை உப்பைக் கழுவி இறக்கியது. நினைத்ததைவிடச் சீக்கிரம் பல வயல்கள் பயிருக்குத் திரும்பின.

மண்ணில் ஏறிய உப்பை ஒரு நல்ல மழைக்காலம் இறக்கிவிடும். நிலத்தடியில் ஏறிய உப்பு அப்படி இறங்காது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பாத்தி ஒரு வருடம் பொய்த்தால் அடுத்த ஆடியில் விதைத்துக்கொள்ளலாம், கிணறு ஒருமுறை உப்பாகிவிட்டால் அடுத்த ஆடியே இல்லை. எனவே, மரக்காணத்துக் கொல்லையில் விதைக்கு முன்னால் காப்பாற்ற வேண்டியது தண்ணீர். கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாகக் கிணற்றோரக் குழியில் இறக்கிவிடுவது ஒரு நாள் வேலை. ஐப்பசி வருவதற்குள் அதைச் செய்து முடித்த வீட்டில், சித்திரையிலும் கொத்தவரை காய்த்துக்கொண்டிருக்கும்.